புலிக்கும் புழுவுக்கும் போட்டி!

இந்த வாரம் ஒரு விநோதமான போட்டி பார்க்கலாமா? மேடையின் ஒரு பக்கம், உறுமினாலே காடு நடுங்கும் புலியார். இன்னொரு பக்கம்... எங்கே, யாரையும் காணோமே என்று தேடாதீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஈர மண்ணில் நெளிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான் மண்புழுவார்!

‘இதெல்லாம் ஒரு போட்டியா? புலி முன்னால் புழு நிற்க முடியுமா?’ என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பெயரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புலிக்கும் இரண்டு எழுத்து, புழுவுக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்தும் ஒன்றே!

பழைய தமிழில் புலிக்கு வேங்கை, உழுவை என்றெல்லாம் பெயர் உண்டு. மண்புழுவுக்கு நாங்கூழ் என்று பெயர். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ‘உழுவை’ என்ற பெயர் புலிக்கு. ஆனால், நிஜமாகவே நிலத்தை உழுவது புழு! எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். இப்போது போட்டி ஆரம்பம். நடுவர் வேறு யாருமில்லை, நீங்கள்தான்!

முதல் சுற்று: உடல் பலம்

வளர்ந்த ஆண் வங்கப்புலியின் எடை சுமார் 200 கிலோ. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் மூன்று மீட்டர் வரும். அதாவது, உங்கள் வகுப்பறைக் கதவைப் படுக்க வைத்தால்கூட அதைவிட நீளம்! கோரைப்பற்கள் ஒவ்வொன்றும் உங்கள் நடுவிரல் அளவு இருக்கும். நகங்களோ கத்தி மாதிரி. நடக்கும்போது தேய்ந்துபோகாமல் இருக்க, அவற்றை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். தேவைப்படும்போது மட்டும் ‘சரக்’கென்று வெளியே வரும். புலி நன்றாக நீந்தும். ஒரு பெரிய கடமானைக்கூடத் தனி ஆளாக வீழ்த்தும்.

மண்புழுவிடம் என்ன இருக்கிறது? எலும்பு இல்லை. பல் இல்லை. கால் இல்லை. நகமும் இல்லை. வளையம் வளையமாக ஓர் உடம்பு, அவ்வளவுதான். சாதாரண மண்புழு ஒன்றின் எடை சில கிராம்.

ஆனாலும் அது நகர்கிறதே, எப்படி? அதன் உடம்பில் இரண்டு வகைத் தசைகள் உண்டு. ஒரு வகை இறுகினால் உடம்பு மெலிந்து நீளும். இன்னொரு வகை இறுகினால் உடம்பு குறுகித் தடிக்கும். வளையங்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னஞ்சிறு முட்கள் இருக்கின்றன. அவற்றை மண்ணில் ஊன்றிக்கொண்டு, நீண்டு, குறுகி, நீண்டு, குறுகி முன்னேறுகிறது. பறவை அலகால் பிடித்து இழுத்தால், இந்த முட்களால் வளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சரி, பலத்தில் ஜெயித்தது யார்? சந்தேகமே இல்லை. புலிக்கு ஒரு மதிப்பெண்!

இரண்டாம் சுற்று: கண்ணும் காதும்

இரவில் நம்மால் பார்க்க முடியாத மங்கலான வெளிச்சத்திலும் புலி நன்றாகப் பார்க்கும். அதன் கண்ணுக்குப் பின்புறம் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த வெளிச்சத்தை அது மறுபடியும் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் டார்ச் அடித்தால் புலியின் கண்கள் ‘பளிச்’சென்று மின்னுகின்றன. காதுகளைத் தனித்தனியாகத் திருப்பி, சருகு அசையும் சத்தத்தைக்கூடக் கவனிக்கும். அதன் கர்ஜனையோ சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம்வரை கேட்கும்.

மண்புழுவுக்குக் கண்ணே கிடையாது. காதும் கிடையாது. அட, நுரையீரல்கூடக் கிடையாது! ஆனால், இந்த எல்லா வேலைகளையும் ஒரே உறுப்பு பார்த்துக்கொள்கிறது. அதுதான் தோல். வெளிச்சம் எது, இருட்டு எது என்று தோலில் உள்ள நுண்ணிய செல்கள் சொல்லிவிடும். மண் அதிர்ந்தால் தோல் உணரும். மூச்சு விடுவதும் தோல் வழியாகத்தான். அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். வெயிலில் மாட்டிக்கொண்ட மண்புழு செத்துப்போவது இதனால்தான். தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும்.

மண்புழுவுக்குக் காது கேட்காது என்று எப்படித் தெரியும்? இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டார்வின் இதைச் சோதித்துப் பார்த்தார். மண் நிரப்பிய தொட்டிகளில் மண்புழுக்களை வீட்டுக்குள்ளேயே வளர்த்தார். அவற்றின் பக்கத்தில் விசில் ஊதினார், கத்தினார். வீட்டில் இருந்தவர்கள் வாத்தியம் வாசித்தார்கள். புழுக்கள் அசையவே இல்லை! பிறகு தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டினார்கள். அவ்வளவுதான், புழுக்கள் ‘விருட்’டென்று வளைக்குள் பாய்ந்துவிட்டன. சத்தம் கேட்கவில்லை, அதிர்வுதான் தெரிந்திருக்கிறது!

இந்தச் சுற்றும் புலிக்குத்தான். ஆனாலும், ஒரு தோலை வைத்துக்கொண்டு இவ்வளவு வேலை பார்க்கும் புழுவுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

மூன்றாம் சுற்று: சாப்பாடு

புலிக்கு ஒரு வருடத்துக்கு மான் அளவுள்ள சுமார் 50 விலங்குகள் வேண்டும். ‘காட்டுக்கே ராஜா, நினைத்தபோது விருந்து’ என்று எண்ணிவிடாதீர்கள். புலி பதுங்கிப் பதுங்கிப் போய்ப் பாயும்போது, பெரும்பாலும் மான் தப்பித்துவிடும். பல தடவை தோற்ற பிறகுதான் ஒரு தடவை ஜெயிக்கும். அதனால், இரை கிடைத்த அன்று ஒரே வேளையில் 30 கிலோ இறைச்சிகூடச் சாப்பிட்டுவிடும்.

மண்புழு யாரையும் துரத்துவதில்லை. அதன் சாப்பாடு, காய்ந்த சருகு, மட்கிய வேர், சாணம், அவற்றோடு கொஞ்சம் மண். பல் இல்லாமல் எப்படி மெல்லும்? கோழிக்கு இருப்பதுபோல அதற்கும் ஓர் அரைவைப்பை உண்டு. மண்ணோடு உள்ளே போகும் மணல் துகள்கள் அங்கே அம்மிக்கல் மாதிரி வேலை செய்து உணவை அரைத்துவிடும். மீதி மண் கழிவாக வெளியே வரும். மழைக்காலக் காலையில் புல் தரையில் குட்டிக் குட்டி முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி மண் கிடக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் இது! செடிகளுக்கு அது அருமையான உரம்.

புலி உயிருள்ளதைச் சாப்பிடுகிறது. புழு, உயிர்போய் உதிர்ந்ததைச் சாப்பிடுகிறது. இருவரும் சாப்பிடாவிட்டால் காடு தாங்காது. ஆகவே இந்தச் சுற்று சமம்.

நான்காம் சுற்று: குடும்பம்

தாய்ப்புலி வழக்கமாக இரண்டு முதல் நான்கு குட்டிகள் போடும். பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது. எடையும் ஒரு கிலோ அளவுதான். தாய் பாலூட்டும், ஆபத்து என்றால் வாயில் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றும். கொஞ்சம் வளர்ந்ததும் வேட்டையாடக் கற்றுக்கொடுக்கும். ஏறக்குறைய இரண்டு வயதுவரை குட்டிகள் அம்மாவோடுதான்.

மண்புழுவின் கதை வேறு. ஒவ்வொரு மண்புழுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறவி. என்றாலும், பெரும்பாலான வகைகள் இன்னொரு புழுவோடு ஜோடி சேர்ந்துதான் முட்டையிடும். முட்டைகளை ஒரு சின்னக் கூட்டுக்குள் வைத்து மண்ணில் விட்டுவிடும். சில வாரங்களில், நூல் மாதிரிக் குட்டிப் புழுக்கள் வெளியே வரும். பட்டாம்பூச்சி போல உருமாற்றம் எல்லாம் கிடையாது. அம்மாவும் வராது, பாடமும் எடுக்காது. பிறந்த நிமிடத்திலிருந்து சொந்தக் காலில், மன்னிக்கவும், சொந்த முள்ளில் நிற்க வேண்டியதுதான்!

ஒரு விஷயம். ‘மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தலைப்பக்கம் போதிய அளவு இருந்தால், அது பிழைத்துப் புது வாலை வளர்த்துக்கொள்ளக்கூடும். வால்பக்கம் செத்துப்போகும். விளையாட்டுக்குக்கூட அதை வெட்டிப் பார்க்காதீர்கள்.

அன்பான அம்மாவுக்காக, இந்த மதிப்பெண்ணும் புலிக்கே!

ஐந்தாம் சுற்று: வேலை

இப்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது.

டார்வினைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவர் 1842-ல் தன் வீட்டருகே இருந்த ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக் கட்டித் துண்டுகளைப் பரப்பி வைத்தார். பிறகு என்ன செய்தார்? காத்திருந்தார். ஒரு நாள், ஒரு மாதம் அல்ல. 29 வருடங்கள்! 1871-ல் அதே இடத்தில் குழி வெட்டிப் பார்த்தார். வெள்ளைத் துண்டுகள் தரைக்குக் கீழே ஏழு அங்குல ஆழத்தில் வரிசையாக இருந்தன. அவற்றை யாரும் புதைக்கவில்லை. அடியிலிருந்த மண்ணைத் தின்று தின்று மேலே கொண்டுவந்து கொட்டிய மண்புழுக்கள்தான் அவற்றை மூடியிருந்தன!

இங்கிலாந்தின் பல இடங்களில், ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு வருடத்தில் 10 டன்னுக்கும் அதிகமான மண் மண்புழுக்களின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். ஒரு லாரி நிறைய மண் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்றும் கவனித்தார். மண்புழு ஓர் இலையை வளைக்குள் இழுக்கும்போது, எந்தப் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் சுலபமாக உள்ளே போகுமோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான் பிடிக்கிறது. சந்தேகம் தீர, காகிதத்தில் 300-க்கும் மேற்பட்ட முக்கோணங்களை வெட்டிப் போட்டுப் பார்த்தார். அவற்றையும் பெரும்பாலும் கூர்மையான முனையைப் பிடித்தே இழுத்தன! கண் இல்லாத புழுவுக்கு எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தீர்களா?

1881-ல், தன் 72-வது வயதில், மண்புழுக்களைப் பற்றி டார்வின் ஒரு புத்தகமே எழுதினார். அதுதான் அவருடைய கடைசிப் புத்தகம். அதில் ஜெர்மன் விஞ்ஞானி ஒருவரின் கணக்கும் இருக்கிறது. ஒரு ஏக்கர் தோட்ட மண்ணில் 50,000-க்கும் மேற்பட்ட மண்புழுக்கள்! ஒன்று 3 கிராம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 150 கிலோ வருகிறதா? அது ஒரு பெரிய பெண் புலியின் எடை! கண்ணுக்குத் தெரியாமல், உங்கள் காலடியில் ஒரு புலி எடைக்குப் புழுக்கள் வேலை பார்க்கக்கூடும்.

அவை துளைக்கும் வளைகள் வழியாக மண்ணுக்குள் காற்று போகிறது. மழைத் தண்ணீர் இறங்குகிறது. வேர்கள் சுலபமாகப் பரவுகின்றன. ‘உழவனின் நண்பன்’ என்று பாடப்புத்தகம் சொல்வது சும்மாவா? இந்தச் சுற்று புழுவுக்கு!

நடுவரே, தீர்ப்பு சொல்லுங்கள்!

புலிக்கு மூன்று, புழுவுக்கு ஒன்று, ஒரு சுற்று சமம். அப்படியானால் புலிக்குத்தான் கோப்பையா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாம்.

மான்கள் நிறைந்த இந்தியக் காடுகளில் ஒரு பெண் புலி வாழச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் இடம் போதும். கடும் குளிர் அடிக்கும் கிழக்கு ரஷ்யாவில் வாழும் பெண் புலிக்கோ, ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? அங்கே இரை விலங்குகள் குறைவு. ஒரு மானைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டும்.

மான் பெருக வேண்டுமானால் புல்லும் தழையும் வேண்டும். புல் செழிக்க நல்ல மண் வேண்டும். விழுந்த சருகையும் சாணத்தையும் மறுபடி மண்ணாக்க யாராவது வேண்டும். கரையான், சாணி வண்டு, காளான், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், இவற்றோடு மண்புழுவும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறது. ஆக, புலியின் தட்டில் விழும் சாப்பாடு, மண்ணுக்குள்தான் சமைக்க ஆரம்பிக்கப்படுகிறது!

பதிலுக்குப் புலி என்ன செய்கிறது? மான்களும் காட்டுப்பன்றிகளும் அளவுக்கு மீறிப் பெருகி, இளம் செடிகளை எல்லாம் மேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. செடி வளர்ந்து மரமானால்தான் நிழல். நிழல் இருந்தால்தான் மண்ணில் ஈரம். மரம் உதிர்க்கும் சருகுதான் புழுவுக்குச் சோறு. கடைசியில், வயதாகிச் சாகும் புலியின் உடலும் அதே மண்ணில்தான் கலக்கிறது.

இந்தச் சங்கிலியில் நாமும் ஒரு கண்ணி. தாமிரபரணி ஆறு எங்கே பிறக்கிறது? களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கும் மலைக்காட்டில். பெய்யும் மழையைக் காட்டு மண் பஞ்சு மாதிரி உறிஞ்சிவைத்து, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகிறது. புலிக்காகப் பாதுகாக்கப்படும் காடு, நம் குடத்துக்கும் தண்ணீர் தருகிறது.

அதனால், நடுவரே, கோப்பையை ஒருவரிடம் கொடுத்தால் இன்னொருவரும் சேர்ந்து விழுவார். புலியின் வேலையைப் புழுவால் செய்ய முடியாது. புழுவின் வேலையைப் புலியாலும் செய்ய முடியாது. உங்கள் தீர்ப்பு என்ன? எங்கள் தீர்ப்பு: கோப்பை இருவருக்கும்!

எண்ணப்படும் புலி, எண்ணப்படாத புழு

ஒரு காலத்தில் இந்தியாவில் புலிகளை வேட்டையாடுவது பெருமையாகக் கருதப்பட்டது. 1972-ல் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியிருந்தவை சுமார் 1,800தான். நாடே விழித்துக்கொண்டு, 1973-ல் ‘புலிகள் பாதுகாப்புத் திட்ட’த்தைத் தொடங்கியது. ஆனாலும் திருட்டு வேட்டை நிற்கவில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில், 2005 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை! 2008-ல் ரந்தம்பூர் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள்.

காட்டில் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்து, இப்போது புலிகளைக் கணக்கிடுகிறார்கள். நம் கைரேகை மாதிரி ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறு வேறு. அதனால் எந்தப் புலி எது என்று தெரிந்துவிடும். இப்படிக் கணக்கிட்டதில் 2006-ல் 1,411 என்று இருந்த எண்ணிக்கை, 2022-ல் 3,682 ஆக உயர்ந்திருக்கிறது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் பலன் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால், மண்புழுவை யார் எண்ணுகிறார்கள்? பூச்சிக்கொல்லியை அளவுக்கு மீறித் தெளிக்கும் வயலிலும், சருகைத் தீ வைத்துக் கொளுத்தும் தோட்டத்திலும், சிமென்ட் பூசி மூடிய முற்றத்திலும் அது சத்தமில்லாமல் குறைந்துபோகிறது. கர்ஜிக்கத் தெரியாததால் யாருக்கும் தெரிவதில்லை.

புலியைக் காப்பாற்ற வனத்துறை வேண்டும், சட்டம் வேண்டும். புழுவைக் காப்பாற்ற நீங்களே போதும். வீட்டிலும் பள்ளியிலும் கூட்டிய சருகைக் கொளுத்தாமல், ஒரு மூலையில் குழி வெட்டிப் போடச் சொல்லுங்கள். அது மண்புழுக்களுக்கு விருந்து! மழை முடிந்து வெயில் வரும்போது, தெருவில் தத்தளிக்கும் புழுவை ஓர் இலையில் ஏந்தி ஈர மண்ணில் விடுங்கள்.

செய்து பாருங்கள்: ஜாடிக்குள் ஓர் உழவு!

தேவை: வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, தோட்டத்து மண், மணல், காய்ந்த இலைகள், கறுப்புக் காகிதம், நான்கைந்து மண்புழுக்கள்.

1. ஜாடியில் ஓர் அடுக்கு மண், ஓர் அடுக்கு மணல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். சேறாகிவிடக் கூடாது.

2. மண்புழுக்களை மெதுவாக மேலே விடுங்கள். அவை உள்ளே போனதும் காய்ந்த இலைகளைத் தூவுங்கள். மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள்.

3. ஜாடியைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டி, நிழலில் வையுங்கள். மண் காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள்.

4. இரண்டு வாரம் கழித்துக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் போட்ட அடுக்குகள் கலைந்திருக்கும். வளைகள் தெரியும். மேலே போட்ட இலைகளில் சில உள்ளே போயிருக்கும்!

5. பார்த்து முடித்ததும், புழுக்களைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

ஓர் இரகசியம்: மண்புழுவுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. டார்ச் மீது சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு இரவில் ஜாடியைப் பாருங்கள். உங்கள் குட்டி உழவர் வெளியே வந்து இலையை இழுப்பதைப் பார்த்தாலும் பார்த்துவிடலாம். எந்த முனையைப் பிடித்து இழுக்கிறார் என்று நோட்டில் குறித்து வையுங்கள். டார்வின் தாத்தா செய்ததும் அதைத்தான்!